மீதியை வெள்ளித்திரையில் காண்க!

படத்தின் முடிவை முந்திக்கொண்டு சொல்லலாமா?

சினிமாக் கொட்டகை வாசலில் ஒரு காலத்தில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மெல்லிய காகிதத்தில் அச்சிட்டிருக்கும். அட்டையில் கதாநாயகனும் கதாநாயகியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே பாட்டுகள். பாட்டுகளுக்கு முன்னால் "கதைச் சுருக்கம்".

அந்தச் சுருக்கம் விறுவிறுப்பாக ஓடும். கதாநாயகி வில்லனிடம் சிக்கிக்கொள்வாள். செய்யாத குற்றத்துக்காகக் கதாநாயகன் சிறைக்குப் போவான். தாய் தெருவில் நிற்பாள். பிறகு என்ன ஆயிற்று? அவள் தப்பினாளா? அவன் மீண்டானா? தாயும் மகனும் சேர்ந்தார்களா?

அந்த இடத்தில் கதை டக்கென்று நின்றுவிடும். கீழே ஒரு வரி இருக்கும்: "மீதியை வெள்ளித்திரையில் காண்க."

படம் எடுத்தவர்கள் படத்தின் முடிவைச் சுற்றிப் போட்ட வேலி அது. கதையில் முக்கால் பங்கை அவர்களே சொல்லிவிடுவார்கள். கால் பங்கை மட்டும் மடியில் முடிந்துகொள்வார்கள். டிக்கெட் வாங்கியவருக்குத்தான் அந்தக் கால் பங்கு.

இப்போது பாட்டுப் புத்தகம் இல்லை. செல்போன் வந்துவிட்டது. வேலி போய்விட்டது.

புதுப்படம் காலையில் வருகிறது. மத்தியானத்துக்குள் அதன் கதை, திருப்பம், முடிவு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. கொலையாளி யார், கடைசியில் யார் சாகிறார், எந்தப் பெரிய நடிகர் திடீரென்று வந்து நிற்கிறார் என்பதெல்லாம், படம் பார்க்காதவன் கேட்காமலே அவன் கைக்கு வந்து சேருகின்றன. இதற்கு "ஸ்பாய்லர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கெடுப்பது என்று அர்த்தம். "சஸ்பென்சை உடைத்துவிட்டான்" என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான்.

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றும். சின்ன விஷயம்தான். ஆனால் நட்பு முறிகிற அளவுக்குச் சண்டை இதனால் வருகிறது. அண்ணன் தம்பி இரண்டு நாள் பேசாமல் இருப்பதும் உண்டு. ஆகவே கொஞ்சம் யோசித்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

கதை கேட்ட காலம்

ராஜபாளையம் வட்டத்தில் சோழபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாண்டிய நாட்டில் சோழன் பெயரில் ஓர் ஊர்! இந்த ஊர்க்காரர்கள் நல்ல படம் பார்க்க வேண்டுமானால் ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறிப் போவார்கள்.

முன்பெல்லாம் இது போன்ற கிராமங்களுக்குப் புதுப்படம் உடனே வந்துவிடாது. முதலில் மதுரை போன்ற பெரிய ஊர்களில் ஓடும். பிறகு நடுத்தர ஊர்களுக்கு வரும். பல மாதங்கள் கழித்து, பெட்டியும் தேய்ந்து, பிலிமும் தேய்ந்து, டூரிங் டாக்கீசுக்கு வரும். மணலைக் குவித்து உட்கார்ந்து பார்க்கிற கொட்டகை அது. நடுவில் நாலு தடவை பிலிம் அறுந்துபோகும்.

அந்த நாளில் பட்டணம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஊரில் தனி மதிப்பு. இரவு சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் கூட்டம் சேரும். அவர் கதையைத் தொடங்குவார். சிவாஜி எப்படி நடந்தார், எம்.ஜி.ஆர். எப்படிக் கத்தி சுழற்றினார் என்று எழுந்து நின்று காட்டுவார். முடிவையும் சொல்லிவிடுவார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிவைச் சொல்லாமல் எழுந்தால்தான் கோபம் வரும்!

காரணம் இருக்கிறது. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பே வராது. பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் அந்தத் திண்ணைதான் திரை. கதை சொன்னவர் அவர்களுக்கு எதையும் கெடுக்கவில்லை. இல்லாததைக் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு, அவர்கள் கேட்டார்கள். அதனால் அவர் சொன்னார். இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

வானொலியும் இந்த வேலையைச் செய்தது. முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கி "ஒலிச்சித்திரம்" என்று ஒலிபரப்புவார்கள். வசனப் புத்தகங்கள் வேறு. "பராசக்தி" (1952) வசனம் புத்தகமாக வந்து ஊர் ஊராகப் போயிற்று. நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த பையன்கள், அதற்குப் பிறகு போய்ப் படத்தைப் பார்த்தார்கள். முடிவு தெரியும். வசனம் தெரியும். அப்படியும் கொட்டகை நிரம்பியது.

தெரிந்த கதை அலுப்பதில்லை

நம் மக்களுக்கு இது பழக்கமான விஷயம். கூத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரியாதவர் யார்? ராமன் சீதையை மீட்பான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடியவிடிய உட்கார்ந்து பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் யாருக்கு மாலை சூடுகிறாள் என்பது ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஊருக்கே தெரியும். அதற்காக ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் குறைந்துவிட்டதா?

அமெரிக்காவில் இதைச் சோதனை செய்தே பார்த்தார்கள். 2011-இல் கலிபோர்னியா மாநிலத்தின் சான்டியாகோ நகரப் பல்கலைக்கழகத்தில் மனநூல் ஆராய்ச்சியாளர்கள் இருவர் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே பெரும்பாலும் அதிகம் ரசித்தார்களாம்! ஆனால் பின்னால் வேறு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனையில் இதற்கு நேர்மாறான முடிவும் வந்திருக்கிறது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

அந்தச் சோதனையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முடிவைத் தெரிந்துகொண்டு படித்தவர்கள் சிறுகதை படிக்கத்தான் வந்தார்கள். அவர்கள் யாரும் காசு சேர்த்து, லீவு எடுத்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரவில்லை.

மர்மப் படம் வந்தது

எல்லாக் கதையும் ராமாயணம் அல்ல. சில படங்களுக்கு முடிவுதான் உயிர்.

1954-இல் ஏ.வி.எம். நிறுவனம் "அந்த நாள்" என்ற படத்தை வெளியிட்டது. இயக்கியவர் எஸ்.பாலசந்தர், வீணையில் பெரிய புகழ் பெற்றவர். படத்தில் பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது குண்டு விழுந்த சமயத்தில் கதை நடக்கிறது. ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார்! சுட்டது யார்? ஒவ்வொருவராகச் சந்தேகப்படுகிறார்கள். கடைசியில்தான் உண்மை தெரியும்.

இந்தப் படத்தைப் பார்த்தவர் வெளியே வந்து ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். படம் தீர்ந்தது. பாட்டுக்காகப் போகலாம், சண்டைக்காகப் போகலாம் என்று அடுத்தவருக்கு எதுவும் மிச்சம் இல்லை.

பத்து வருஷம் கழித்து, 1964-இல், "புதிய பறவை" வந்தது. அதுவும் சிவாஜி படம். அதிலும் பெரிய திருப்பம் உண்டு. ஆனால் அந்தப் படத்தைத் திருப்பம் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் பாட்டுகள் அப்படி. சௌகார் ஜானகியின் மிடுக்கு, சரோஜாதேவியின் அழகு, சிவாஜியின் தவிப்பு என்று பார்க்க நிறைய இருந்தது. ரகசியம் போனாலும் படம் போகவில்லை.

ஆக, எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. "திருவிளையாடல்" (1965) கதையை வழியில் போகிறவரிடம் சொல்லலாம். "அந்த நாள்" கதையைச் சொல்லக் கூடாது. இன்றைக்கும் கூடாது. பழைய படம்தானே என்று நினைக்கலாம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு அது புதுப்படம்தான். ஆகவே சுட்டவர் யார் என்பது இந்தக் கட்டுரையிலும் இல்லை.

லண்டனில் ஒரு ரகசியம்

மேல்நாட்டுக்காரர்கள் இதை வெகு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

அகதா கிறிஸ்டி எழுதிய "எலிப்பொறி" என்ற நாடகம் லண்டனில் 1952 நவம்பர் 25-இல் தொடங்கியது. தொற்றுநோய் பரவிய 2020-இல் கதவை மூடி, 2021-இல் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளி தவிர எழுபது ஆண்டுக்கு மேலாக நாடகம் தொடர்ந்து நடக்கிறது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து, "கொலைகாரன் யார் என்பதை உங்கள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் கேட்டுக்கொள்வார். தாத்தா காலத்தில் பார்த்தவர் பேரனிடம் சொல்லாமல் இருக்கிறார். பேரன் போய்ப் பார்க்கிறான்.

1955-இல் வந்த ஒரு பிரெஞ்சு மர்மப் படத்தின் கடைசியில், "உங்கள் நண்பர்களிடம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்" என்று எழுத்தாகவே போட்டார்கள். 1960-இல் ஹிட்ச்காக் "சைக்கோ" எடுத்தார். படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று கொட்டகைக்காரர்களுக்கு உத்தரவு. பாதியில் நுழைகிறவனுக்குக் கதையின் அதிர்ச்சி போய்விடும் என்பது அவர் வாதம். அந்த ஊர்களில் அதுவரை இஷ்டப்பட்ட நேரத்தில் நுழைந்து இஷ்டப்பட்ட நேரத்தில் எழுந்து போவது வழக்கமாக இருந்தது. ஒரு படம் அந்த வழக்கத்தையே அசைத்தது.

2019-இல் "அவெஞ்சர்ஸ்" வரிசையின் பெரிய படம் வந்தது. தமிழிலும் பேசியது. அதை இயக்கிய ருஸ்ஸோ சகோதரர்கள் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, முடிவைச் சொல்லிக் கெடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். உலகத்திலேயே அதிகச் செலவில் எடுத்த படங்களில் ஒன்று. அதைக் காப்பாற்ற ஒரு கடிதம்தான் எழுத முடிந்தது!

கட்டப்பா காத்த ரகசியம்

நம் பக்கத்திலும் ஒரு ரகசியம் வெகு நாள் நின்றது. 2015 ஜூலை 10-இல் "பாகுபலி" முதல் பாகம் வந்தது. கடைசிக் காட்சியில், பாகுபலியைக் கொன்றது தானே என்று கட்டப்பா சொல்கிறான். அதோடு படம் முடிந்துவிட்டது.

"கட்டப்பா ஏன் கொன்றான்?" டீக்கடையில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். கட்டப்பாவாக நடித்த சத்யராஜ் போகிற இடமெல்லாம் கேட்டார்கள். 2017 ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகம் வரும் வரை, இருபத்தொரு மாதத்துக்கு மேல், பதில் கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். நடிகர், துணை நடிகர், தையற்காரர், தச்சர் என்று எத்தனை வாய்கள்! ஆனாலும் ரகசியம் நின்றது.

ஆனால் படம் வந்த அன்று நின்றதா? முதல் காட்சி முடிந்ததுமே பதில் எல்லார் செல்போனிலும் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் இருபத்தொரு மாதம் காத்ததைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் ஒரு பகல் காக்கவில்லை.

நாலு மணியும் ஒன்பது மணியும்

இந்த விஷயத்தில் தென்மாவட்டங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு.

ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வழியாகப் போனால் கேரளம். கொல்லம் போகும் சாலையே ஊர் வழியாகத்தான் போகிறது. உறவுக்காரர்கள், வியாபாரக்காரர்கள், வேலைக்குப் போனவர்கள் என்று அந்தப் பக்கம் தொடர்பு நிறைய.

2023 அக்டோபர் 19-இல் விஜய் நடித்த "லியோ" வந்தது. கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே முதல் காட்சி. தமிழ்நாட்டிலோ காலை 9 மணிக்குத்தான் தொடங்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது. அதிகாலைக் காட்சி கேட்டு நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. அரசின் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தின்போது சென்னையில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். உயிரைவிடப் படம் பெரிதல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். "லியோ" இரண்டே முக்கால் மணி நேரப் படம். 4 மணிக்கு ஆரம்பித்தால் 7 மணிக்கெல்லாம் முடிந்துவிடும். இங்கே கொட்டகை திறப்பதற்குள் இரண்டு மணி நேரம் மிச்சம். தமிழ்ப்படத்தின் கதை, தமிழ்நாட்டில் திரை விலகும் முன்பே மலை தாண்டி வந்துவிட்டது!

அந்தப் படத்தில் ரசிகர்களுக்கு ஒரே ஒரு கேள்வி பெரிதாக இருந்தது. இதே இயக்குநரின் முந்தைய படக் கதையோடு இந்தக் கதை சேருமா, சேராதா என்பதே அது. முன்காலத்துப் படங்களில் முடிவுதான் ரகசியம். இப்போது கதாநாயகன் ஜெயிப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கதை எதோடு சேருகிறது, கடைசி ஐந்து நிமிஷத்தில் யார் வந்து நிற்கிறார் என்பதே ரகசியம். ஒரு முகம், ஒரு குரல், ஒரு பெயர். வாய் தவறிச் சொல்ல ஒரு விநாடி போதும்.

அதுவும் வாய் தவறிச் சொல்வது இப்போது குறைவு. செல்போனைத் தூக்கித் திரையையே படம் பிடித்து, பத்து விநாடித் துண்டாக "ஸ்டேட்டஸ்" வைத்துவிடுகிறார்கள். "நான் முதல் காட்சி பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்ள ஆசை. அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. திண்ணையில் எழுந்து நின்று கத்தி சுழற்றிக் காட்டியவருக்கும் அதே ஆசைதான் இருந்தது. ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள், கேட்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவர்கள். ஸ்டேட்டசைப் பார்க்கிறவர், மாமியார் வீட்டு விசேஷப் படம் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தவர்.

கொட்டகையில் படம் பிடிப்பது வெறும் நாகரிகக் குறைவு மட்டும் அல்ல என்பதைப் பலர் தெரிந்துகொள்ளவில்லை. அது குற்றம். 2023-இல் நாடாளுமன்றம் சினிமாட்டோகிராப் சட்டத்தைத் திருத்தியது. அனுமதி இல்லாமல் கொட்டகையில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். சிறை 3 ஆண்டு வரை போகலாம். அபராதம், படம் எடுக்க ஆன செலவில் நூற்றுக்கு 5 பங்கு வரை போகலாம். பெரிய நடிகர் படமென்றால் அந்த ஐந்து பங்கே கோடிக்கணக்கில் வரும். பையன் கையில் செல்போன் கொடுத்துச் சினிமாவுக்கு அனுப்புகிற பெற்றோர் இதைச் சொல்லி அனுப்புவது நல்லது.

வாயால் சொல்வதற்குச் சட்டம் இல்லை, இருக்கவும் முடியாது. 2024-இல் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்கள், படம் வந்த முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்படித் தடை போட நீதிமன்றம் இசையவில்லை. படம் நன்றாயில்லை என்று சொல்வதற்குக் காசு கொடுத்தவனுக்கு உரிமை உண்டல்லவா? நன்றாயில்லை என்று சொல்வது வேறு. கொலையாளி பெயரைச் சொல்வது வேறு. முதலாவதை நிறுத்துவதற்காக இரண்டாவதைச் சாக்காகக் காட்டுவதும் நடக்கிறது.

பிந்தி வருகிறவர் யார்?

"அவ்வளவு ஆசை இருந்தால் முதல் நாளே போய்ப் பார்க்க வேண்டியதுதானே!" இது கதையை உடைத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம்.

முதல் நாள் யாரால் போக முடியும்? ராஜபாளையத்தைச் சுற்றி நூல் மில்கள் நிறைய. முதல் மில் 1936-இல் தொடங்கியது. மில் வேலை ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் காலை 9 மணிக் காட்சிக்குப் போனால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். சத்திரப்பட்டி பக்கம் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். தறி நின்றால் கூலி நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் அடுப்பை விட்டு நகர முடியாது. இவர்களெல்லாம் சம்பளம் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மனைவி மக்களோடு கிளம்புகிறவர்கள். நாலு பேருக்கு டிக்கெட், போக வர பஸ், இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஏதாவது. மாதத்தில் ஒரு தடவை. சில வீடுகளில் தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை.

பிந்திப் போவது சோம்பலால் அல்ல. வேலையால், காசால். வீட்டுப் பெண்கள் இன்னும் பிந்துகிறார்கள். ஆண்கள் நண்பர்களோடு ஒரு தடவை பார்த்த பிறகுதான் வீட்டுக்காரியைக் கூட்டிப் போகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இப்போ பாரு, இப்போ வருவான் பாரு" என்று வேறு சொல்கிறார்கள். அந்த அம்மாள் திரையைப் பார்ப்பதா, கணவன் முகத்தைப் பார்ப்பதா?

வெள்ளிக்கிழமை பார்க்க வசதி உள்ளவர், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பவரின் பண்டத்தை எடுத்துத் தின்றுவிடுகிறார். நியாயம் பேச வேண்டுமானால் இதைத்தான் பேச வேண்டும். அந்த ரகசியம் பார்த்தவருடைய சொத்து அல்ல. பார்க்காதவருடைய சொத்து. பார்த்தவர் கையில் அது கொஞ்ச நாள் அடைக்கலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது, எதைச் சொல்வது?

வாயைத் தைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. படம் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனைதான். பழைய பழக்கம் ஒன்று போதும்.

"என்ன மாப்பிள்ளை, படம் பார்த்தாச்சா?"

"இல்லை மாமா, ஞாயிற்றுக்கிழமைதான் போகணும்."

"சரி, போய்ட்டு வாங்க. பேசுவோம்."

இதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அங்கே ஐம்பது பேர், நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் பார்த்துவிட்டார்களா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே குடும்பக் குழுவில் போடுவதைவிடப் பார்த்தவர்கள் நாலு பேர் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அல்லது "கதையைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்" என்று மேலே எழுதிவிட்டுச் சில வரிகள் தள்ளிக் கீழே எழுதலாம். படத் துண்டை மட்டும் அப்படியும் போடக் கூடாது. கண் படிப்பதற்கு முன்னால் பார்த்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று ஒரு தாய் கேட்டால், ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெட்டும் குத்தும் ரத்தமும் அதிகம் என்றால், அதிகம் என்று சொல்ல வேண்டும். குழந்தை சாகிற காட்சி உண்டா, பெண்ணைத் துன்புறுத்துகிற காட்சி உண்டா என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அது கதையை உடைப்பது ஆகாது. சமீபத்தில் வீட்டில் சாவு நடந்தவர்களுக்குச் சில படங்கள் தாங்காது. அவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்வது மனிதத்தன்மை.

தணிக்கைச் சீட்டும் இதற்கு உதவி செய்யும். 2024 முதல் "யு.ஏ." சீட்டை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 7 வயசுக்கு மேல், 13 வயசுக்கு மேல், 16 வயசுக்கு மேல் என்று போட்டிருக்கும். அந்த வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கூட்டிப் போவது பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டியது. "ஏ" என்றால் 18 வயசு நிரம்பாதவர்களுக்கு அனுமதியே இல்லை. 2025-இல் ரஜினிகாந்த் நடித்த "கூலி" படத்துக்கு "ஏ" சீட்டுதான் கிடைத்தது. நம் ஊர்களில் சீட்டைப் பார்க்காமல் சுவரொட்டியைப் பார்த்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வாசலில் திரும்பி வருகிறார்கள். இதை யாராவது முந்திச் சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

எத்தனை நாள் காப்பது?

சண்டை பெரும்பாலும் இதில்தான் வருகிறது. "படம் வந்து பத்து நாள் ஆச்சு, இன்னுமா பேசக் கூடாது?" என்று ஒருவர். "நான் இன்னும் பார்க்கவில்லை" என்று மற்றவர்.

இதற்கு நாள் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. பெரிய நகரத்தில் ஒரு வாரம் போதும் என்பார்கள். நம் ஊர்க் கணக்கு வேறு. சம்பள நாள் ஒன்றும், அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கழிய வேண்டும். இப்போது பல படங்கள் நாலைந்து வாரத்தில் செல்போனிலும் டெலிவிஷனிலும் வந்துவிடுகின்றன. கொட்டகைக்குப் போக முடியாத முதியவர்கள் அப்போதுதான் பார்க்கிறார்கள். அதுவரை பொது இடத்தில் அடக்கி வாசிப்பது அழகு. அதற்கு மேல் பார்க்காதவர், "நான் பார்க்கவில்லை, சொல்லாதீர்கள்" என்று தாமே வாய் திறந்து சொல்ல வேண்டியதுதான். உலகம் முழுவதும் தனக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

1950-இலிருந்து 1954 வரை "கல்கி" பத்திரிகையில் வாராவாரம் "பொன்னியின் செல்வன்" வந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பது சரித்திரம். கொன்ற துரோகிகளின் பெயர் காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதில் ரவிதாசன் பெயரும் உண்டு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிக் கதையை உடைத்துவிட்டார்கள்! அப்படியும் மூன்றரை ஆண்டு வாசகர்கள் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 2022-இலும் 2023-இலும் மணிரத்னம் இரண்டு பாகமாகப் படம் எடுத்தபோது, புத்தகம் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். படிக்காத பிள்ளைகள், "அப்புறம் என்ன ஆகும்?" என்று வீட்டுப் பெரியவர்களைத் துளைத்தார்கள். சாவு சரித்திரம் என்பதால் அதைச் சொல்லலாம். ஆனால் அந்த இருட்டறையில் கத்தியை வீசிய கை யாருடையது? கல்கி அதைத் திட்டமாகச் சொல்லவில்லை. ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்தவர்கள்கூட இன்றைக்கும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.